குழாய்க்கு எத்தனை பேர்?

கேமரன் மலையில் அந்நியத் தொழிலாளர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், நம்மவர்கள் வாயில் முதலில் வருவது நாற்றம்தான். "பங்ளாக்காரனுங்க பக்கத்துல நிக்க முடியலண்ணே." "குளிச்சு எத்தன நாளாச்சோ." "அவனுங்க ரூம் பக்கம் போய்ப் பாருங்க, அப்பத் தெரியும்." தானா ராத்தா சாப்பாட்டுக் கடைகளிலும் பிரிஞ்சாங் சந்தையிலும் கேட்டிருக்கிறேன். கோயில் அன்னதான வரிசையிலும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. சொல்லி முடித்த கையோடு அதே தொழிலாளியின் இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுபவர்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்கு வலிக்கிறது. ஏனென்றால் இந்தப் பேச்சு இந்த மலையில் முதலில் நம்மைப் பற்றித்தான் பேசப்பட்டது.

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்தப் பக்கம் வந்ததால் மலைக்கு அவர் பெயர். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. தாப்பாவிலிருந்து ஏறி வந்த தமிழர்கள் சரிவுகளில் தேயிலைக் கன்று நட்டார்கள், கவாத்து செய்தார்கள், கொழுந்து எடுத்தார்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். அந்தக் காலத்துத் துரைமாரின் எழுத்துகளில் தமிழ்த் தொழிலாளி என்றால் அழுக்கானவன், சோம்பேறி, எங்கே வேண்டுமானாலும் ஒதுங்குகிறவன். அதை எழுதியவர்கள் வீட்டில் வெந்நீர்த் தொட்டி இருந்தது. அந்த வெந்நீருக்கு விறகு பிளந்து போட்டவன் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பி, ஒரே குழாயின் முன்னால் வரிசையில் நின்றான்.

என் பாட்டி ரிங்லெட் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். அவர் சொன்னதைக் கொண்டுதான் லயத்துக் குளியலை நான் அறிவேன். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். இரவில் 15 டிகிரி அளவுக்குக் குளிர் இறங்கும், மழை நாளில் பகலே அப்படித்தான் இருக்கும். விடியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அந்த இருட்டில், குழாயில் வரும் மலைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள யாரால் முடியும்? குளிக்காமல் அடுப்பு மூட்டக்கூடாது என்று ஊரில் பழகி வந்தவர்கள், இங்கே முகமும் கைகாலும் கழுவி, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு அடுப்பை மூட்டினார்கள். குளியல் சாயங்காலத்துக்குத் தள்ளிப் போயிற்று. வேலை விட்டு வந்ததும் கவாத்தில் கழித்த தேயிலைக் கட்டைகளை அடுப்பில் வைத்து அண்டாவில் தண்ணீர் காய்ச்சுவார்கள். முதல் வெந்நீர் பிள்ளைகளுக்கு, அடுத்தது ஆண்களுக்கு. பெண்கள் கடைசி. அவர்கள் குளிக்கும்போது பாதி நாள் தண்ணீர் ஆறியிருக்கும், வெளிச்சமும் போயிருக்கும். பொதுக் குழாயடியில், மார்பு வரை கைலி கட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவர் கண்ணுக்கு முன்னால் குளித்த குளியல் அது. உடம்பை முழுதாகத் தேய்த்துக் குளிக்கக் கதவு வேண்டும். அந்தக் கதவு பாட்டிக்கு நடுவயதில்தான் கிடைத்தது.

அப்படியும் சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலை விடவில்லை. சீயக்காய் கிடைக்காத நாளில் சவர்க்காரம் போட்டுத் தலை அலசினார்கள். பல்லுக்கு அடுப்புக் கரி. மாற்றுடை குறைவென்றாலும் தீபாவளிக்கு முதல் நாள் லயம் முழுக்கச் சாணம் மெழுகிக் கோலம் போட்டார்கள். சுத்தத்தை நேசிக்காத மக்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள். அவர்களிடம் இல்லாமல் இருந்தது தண்ணீர், கதவு, நேரம்.

'சோம்பேறி' என்ற பட்டத்துக்கும் ஒரு கதை உண்டு, அதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். கொக்கிப்புழு மலம் கலந்த ஈர மண்ணில் வளர்ந்து, வெறும் காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது கொஞ்சம்தான். நூற்றுக்கணக்கில் இருந்தால் ஆள் வெளிறிப்போவான், நாலு எட்டு ஏறினாலே மூச்சு வாங்கும். 1915க்கும் 1917க்கும் இடையில் ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவர் சாமுவேல் டார்லிங்கின் குழு மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜியிலும் இந்தப் புழுவைத் தேடி ஆராய்ந்தது. தோட்டத்து உடம்புகளில் தாராளமாகக் கிடைத்தது. வேலை செய்ய மனமில்லாதவன் என்று கங்காணியிடம் அடி வாங்கியவனுக்கு உண்மையில் இரத்தம் இல்லை.

இலங்கையில் நடந்தது இன்னும் தெளிவானது. 1916 வாக்கில் அதே அறக்கட்டளை அங்குள்ள தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தமிழ்த் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேதி மருந்து கொடுத்தார்கள். புழு விழுந்தது. சில மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் புழு. போக இடமில்லாதவர்கள் அதே தேயிலைச் செடிகளுக்கு நடுவே போனார்கள், அதே மண்ணை வெறுங்காலால் மிதித்தார்கள். கழிப்பிடம் கட்டாமல் மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை என்பதை மருத்துவர்கள் தோட்ட முதலாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. செலவு என்றதும் பல முதலாளிகள் தயங்கினார்கள். இங்கே மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, தண்ணீர், சுகாதாரம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. சட்டப் புத்தகத்திலிருந்து லயத்துக் குழாய்க்கு அது வந்து சேர்ந்த வேகம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறியது.

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். வாளிக் கழிப்பிடத்து மலத்தை அள்ளிச் சுமக்கும் வேலை ஊரில் யார் தலையில் இருந்ததோ அவர்கள் தலையிலேயே இங்கும் ஏற்றப்பட்டது. அவர்களுக்கு லயமும் தனி. கிணறும் குழாயும் பக்கத்தில் இருந்தும் தொடத் தயங்கியவர்கள் உண்டு. 1929 டிசம்பரில் ஈப்போவில் தமிழர் சீர்திருத்த மாநாட்டுக்குப் பெரியார் வந்தபோது, மலைக்குக் கீழே இருந்த தோட்டங்களில் இந்தத் தீட்டு உயிரோடுதான் இருந்தது. அடுத்தவன் கைபட்ட தண்ணீரைக் கொட்டிவிடுகிறவன், அந்தக் கை கழுவத் தண்ணீர் கொடுக்கமாட்டான். இன்று வங்காளதேசத்து இளைஞனைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ளும் பழக்கத்தில் எனக்கு அந்தப் பழைய தீட்டின் வாடை அடிக்கிறது.

பெண்களின் பாடு தனி. இதை ஆண்கள் எழுதுவதில்லை, பெண்கள் சத்தமாகப் பேசுவதில்லை. காலையில் மலைக்கு ஏறினால் மத்தியானம் தாண்டித்தான் இறக்கம். இடுப்புயரத் தேயிலைச் செடி எதை மறைக்கும்? பாட்டியும் அவர் சேக்காளிகளும் காலையில் தண்ணீர் குடிக்காமலே வேலைக்குப் போவார்களாம். கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்துகொண்டு நாள் முழுக்க அடக்கி வைத்தவர்களுக்கு நீர்க்கடுப்பு வந்தது, சிறுநீரகம் கெட்டது. மாதவிலக்குத் துணியைக் காய வைப்பது அதைவிடப் பெரிய பாடு. மூடுபனியில் எந்தத் துணியும் ஒரே நாளில் காயாது. வெயிலில் விரித்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பாவாடைக்கு அடியில் மறைத்துக் கொடியில் போடுவார்கள், இல்லையென்றால் அடுப்புக்கு மேல் பரணில். பூசணம் பிடித்த துணியையே மறுபடி உடுத்தினார்கள். இன்று பஞ்சு நாப்கின் கடையில் கிடைக்கிறது. மலைச்சரிவில் மாற்ற மறைவிடம் இருக்கிறதா, மாற்றியதைப் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா என்று, தேயிலைத் தோட்டத்தில் படம் பிடித்துக்கொள்ள வருகிற நம் பெண்களாவது கேட்டுப் பார்க்க வேண்டும். அவர்களுக்குத் தேநீர்க் கடைக்குப் பின்னால் பளிங்குக் கல் பதித்த கழிப்பறை இருக்கிறது.

ஆளுக்கு ஆள் பழக்கம் மாறும் என்பதை நான் மறுக்கவில்லை, அதை ரசிக்கவே செய்கிறேன். எங்கள் சீன அண்டை வீட்டார் இரவில் குளித்துவிட்டுத்தான் படுப்பார்கள். காலைக் குளியல் அவர்களுக்கு வினோதம். மலாய் நண்பர்கள் தொழுகைக்கு முன் ஒவ்வொரு முறையும் கைகால் முகம் கழுவுகிறார்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் நம் கழிப்பறையின் ஈரத் தரையைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். காகிதத்தால் துடைத்துவிட்டு எழுந்து போவதை நினைத்து நாம் சுளிக்கிறோம். இந்த விஷயத்தில் தண்ணீரின் பக்கம்தான் நான். 1980இல் ஜப்பானின் டோட்டோ நிறுவனம் தண்ணீர் பீய்ச்சும் வாஷ்லெட் இருக்கையை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு அங்கேயும் கோடிக்கணக்கானவர்கள் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். குழாய் கைக்கெட்டினால் பழக்கம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதற்கு அதுவும் சாட்சி. நம் வீடுகளைப் பார்த்தாலும் தெரியும். வெந்நீர்க் கருவி வந்த பின் இந்த மலையிலும் காலைக் குளியல் திரும்பி வந்துவிட்டது. நம் குணம் மாறியதால் வந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அந்நியத் தொழிலாளர்களின் அந்த அறைகளுக்கு வருகிறேன். கேமரன் மலையில் கொழுந்து வெட்டுபவர்களிலும் காய்கறித் தோட்டங்களில் மருந்தடிப்பவர்களிலும் தமிழர்கள் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, மியன்மாரிலிருந்து வந்தவர்களே அதிகம். தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது, அந்தத் திருத்தம் 2020இல் நடைமுறைக்கு வந்தது. கோவிட் தொற்று நெரிசலான தங்கும் விடுதிகளை ஊரறியக் காட்டிய ஆண்டு அது. விதிப்படி, பொதுக்கூடமாக உள்ள தங்குமிடத்தில் ஆளுக்கு 3 சதுர மீட்டர் இடம், 15 பேருக்கு ஒரு குளியலறை, ஒரு கழிப்பறை. இது குறைந்தபட்சம். இதையே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் பதினைந்தாவது ஆளின் முறை வர இரண்டு மணி இருபது நிமிடம் ஆகும். பூச்சிமருந்து உடம்பெல்லாம் படிந்து, ஆறு மணிக்கு வந்தவன் எட்டு மணிக்குமேல் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும், அதன் பிறகு சமைக்க வேண்டும், மறுநாள் விடியுமுன் எழ வேண்டும். அவன் ஒரு நாள் குளிக்காமல் படுத்தால் அதை அவன் நாட்டுக் குணம் என்கிறோம். தகரமும் பலகையும் அடித்த குடில்களில், காய்கறிக் கூடாரங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் குறைந்தபட்சமும் எட்டுவதில்லை.

அழுக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெர்த்தாம் ஆற்றையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். காட்டை வெட்டிக் கூடாரம் போட்ட சரிவுகளிலிருந்து மண் இறங்கி, ஆறு பால் தேநீர் நிறத்தில் ஓடுகிறது. 1963இல் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணையின் தேக்கத்தில் வண்டல் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆற்றில் குளித்து ஆற்றில் குடித்து வாழ்ந்த, இம்மலையின் பூர்வகுடிகளான செமாய் மக்கள் இன்று அந்தத் தண்ணீரைத் தொட யோசிக்கிறார்கள். அவர்கள் குளித்த இடத்தை அழுக்காக்கியது பதினைந்து பேர் சேர்ந்து பயன்படுத்தும் குளியலறையில் வரிசையில் நிற்பவன் இல்லை. மேலே முதல் போட்டவர்கள் அழுக்காக்கினார்கள், அவர்களில் நம் இனத்தவரும் உண்டு.

அதனால் இந்த வாரம் கேமரன் மலைத் தமிழர்களிடம் நேராகக் கேட்கிறேன். உங்களில் காய்கறித் தோட்டம் வைத்திருப்போர் இருக்கிறீர்கள். பழைய வீடுகளைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருப்போரும், லாரிக்கும் பட்டறைக்கும் ஆள் வைத்திருப்போரும் இருக்கிறீர்கள். அந்த இடத்துக்கு ஒருமுறை சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்கள். எத்தனை பேர், எத்தனை குழாய் என்று எண்ணுங்கள். குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கையால் போட்டுப் பாருங்கள். ஒரு வெந்நீர்க் கருவி, இன்னொரு குழாய், துணி காய மழை படாத தகரக் கூரை, பெண்கள் இருந்தால் மூடியுள்ள குப்பைத் தொட்டி, மருந்தடித்த உடுப்பைத் தனியாகத் துவைக்க ஒரு தொட்டி. இவற்றுக்கு ஆகும் செலவு உங்களில் பலருக்கு ஒரு நல்ல வாரத்து முட்டைக்கோஸ் வருமானத்துக்குள் அடங்கிவிடும். முதலாளி வேறொருவர் என்றால், விதி மீறிய இடத்தைத் தொழிலாளர் துறையில் சொல்லலாம். மொழி தெரியாத தொழிலாளியால் புகார் எழுத முடியாது. மலாய் தெரிந்த உங்களால் முடியும்.