இல்லறக் கணக்கு: சக்கரத்தின் மேல் ஒரு வீடு

கோடை விடுமுறை நெருங்குந்தோறும், பிற மாநிலங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர் செல்ல ரயில் சீட்டுக் கிடைக்குமோ என்னும் கவலை தொடங்கிவிடுகிறது. மும்பையிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். தில்லியிலிருந்து ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். முதிய பெற்றோரையும் சிறு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு இத்துணைத் தொலைவு செல்வோர், படுக்கையும் சமையல் மேடையும் கழிப்பறையும் அமைந்த கேரவன் வண்டி ஒன்று சொந்தமாக இருந்தால் நலமாயிற்றே என்று எண்ணுவதில் வியப்பில்லை. பணி ஓய்வு பெற்று நாட்டைச் சுற்றிப் பார்க்க விழையும் அன்பர்களுக்கும் அதே ஆசை உண்டு. எந்த வண்டி சிறந்தது என்பது நம் பகுதிக்குரிய பொருளன்று. அதற்கான பணத்தை எவ்வாறு திரட்டுவது என்பதையே இத்திங்கள் ஆராய்வோம்.

முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். கேரவனை நாம் வீடு என்று அழைக்கலாம். நம் நாட்டுச் சட்டமும் கடன் தருவோரும் அதனை வண்டி என்றே கொள்வர். அமெரிக்காவில், உறங்கவும் சமைக்கவும் கழிக்கவும் வசதியுள்ள வண்டியை வருமான வரிக் கணக்கில் ஒரு வீடாகவே ஏற்கின்றனர். சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதன் அடமானக் கடன் வட்டிக்கு வரிக்கழிவும் உண்டு. நம் நாட்டில் அவ்வாறன்று. வீட்டுக் கடனுக்குரிய நீண்ட தவணையும் வட்டிச் சலுகையும் கேரவனுக்கு இல்லை. மனையின் விலை நாளடைவில் ஏறக்கூடும்; வண்டியின் விலையோ வாங்கிய நாள் முதல் இறங்கும். மோட்டார் காப்பீட்டில், வண்டிக்கு ஓராண்டு கடந்தால் நூற்றுக்கு 20 வீதமும், மூன்றாண்டு கடந்தால் 40 வீதமும், நான்காண்டு கடந்தால் 50 வீதமும் மதிப்பிற் கழிப்பது வழக்கம்.

ஆகவே நாம் வலியுறுத்தும் விதி ஒன்றே: வண்டியின் மதிப்புக் குறைவதைக் காட்டிலும் விரைவாக அதன் மேலுள்ள கடன் குறைய வேண்டும்.

இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். வண்டியின் விலை 10 இலட்ச ரூபாய் என்றும், வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 10 என்றும் வைத்துக்கொள்வோம். முழுத் தொகையையும் ஏழாண்டுத் தவணையில் ஒருவர் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 16,600 ரூபாய். மூன்றாண்டு கட்டிய பின்னும் நிற்கும் பாக்கி 6 இலட்சத்து 54 ஆயிரம். அப்போது காப்பீட்டு மதிப்போ 6 இலட்சம். அந்த நிலையில் வண்டி விபத்தில் முற்றும் அழிந்தால், காப்பீட்டுத் தொகை முழுவதும் கடன் கொடுத்தவரிடம் சென்ற பிறகும் அரை இலட்சத்துக்கு மேல் கையிலிருந்து கட்ட நேரும். மற்றொருவர் 3 இலட்சத்தைச் சொந்தமாகச் சேர்த்து, 7 இலட்சத்தை மட்டும் ஐந்தாண்டுக் கடனாகப் பெறுகிறார். அவருக்கு மாதத் தவணை ஏறத்தாழ 14,900 ரூபாய். மூன்றாண்டு கழித்து நிற்கும் பாக்கி 3 இலட்சத்து 22 ஆயிரம். அதே விபத்து அவருக்கு நேரினும் கையில் பணம் மிஞ்சும். முன்பணத்தைப் பொறுமையோடு சேர்த்ததன் பயன் இது.

இனி வழிகளைப் பார்ப்போம். முன்பணம் சேர்க்க எளிய வழி அஞ்சலகத் தொடர் வைப்பு. ஐந்தாண்டுக்கு 60 தவணைகள். பணிமாற்றலாகி வேறு நகரம் சென்றாலும் கணக்கை அங்குள்ள அஞ்சலகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நம்மவர் பெரிதும் விரும்புவது ஏலச் சீட்டு. 1982 ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டா என்று விசாரித்த பின்னரே அதிற் சேர வேண்டும். 2019 இல் செய்த திருத்தத்தின்படி சீட்டு நடத்துவோர் நூற்றுக்கு 7 வரை கழிவு பெறலாம். கடைசி வரை காத்திருந்து எடுப்பவருக்குச் சீட்டு ஒரு சேமிப்பு. முதல் மாதங்களில் தள்ளி எடுப்பவருக்கு அதுவும் ஒரு கடனே. தெரிந்தவர் நடத்துகிறார் என்ற ஒன்றை மட்டும் நம்பிப் பதிவில்லாச் சீட்டில் பணம் கட்டுதல் தகாது.

அடுத்தது வங்கிக் கடன். இங்கே பலர் ஏமாறுவது வட்டியைச் சொல்லும் முறையில். “நூற்றுக்கு எட்டே வட்டி” என்பார்கள். அது முதற் தொகை முழுவதற்கும் ஐந்தாண்டும் போடும் வட்டியாயின், 10 இலட்சத்துக்கு 4 இலட்சம் வட்டியாகும். மாதந்தோறும் குறையும் பாக்கிக்கு வட்டி போடும் முறையில் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 14 வீதத்துக்குச் சமம். இதனைக் கண்டறிய ஒரு வழி உண்டு. 2024 அக்டோபர் 1 முதல், தனியாட்களுக்குப் புதிதாக அளிக்கும் கடன்களுக்கெல்லாம், கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. கையொப்பம் இடுமுன் அதனைக் கேட்டுப் பெறுக. இரண்டு மூன்று இடங்களின் அறிக்கைகளை அருகருகே வைத்து ஒப்பிடுக. மாறும் வட்டியில் தனியாள் தொழில் சாராத தேவைக்குப் பெற்ற கடனை முன்னரே அடைத்தால் அதற்கென வங்கி கட்டணம் வாங்கலாகாது. மாறா வட்டியாயின், ஒப்பந்தத்தில் என்ன எழுதியுள்ளது என்பதைப் படித்தறிய வேண்டும்.

ஆலையிலும் அலுவலகத்திலும் ரயில்வேயிலும் பணிபுரிவோர்க்கு ஊழியர் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் உதவக்கூடும். ஆனால் அங்கே பெரும்பாலும் ஜாமீன் கேட்பர். அயலூரில் நமக்கு உறவும் சுற்றமும் நம் தமிழ் நண்பர்களே. “அண்ணா, ஒரு கையெழுத்து” என்று கேட்டால் மறுக்க மனம் வராது. 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, வேறு ஏற்பாடு எழுதப்பட்டாலன்றி, கடன் வாங்கியவருக்குள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன் நின்றவருக்கும் உண்டு. பிள்ளையின் மருத்துவத்துக்கு நண்பரை ஜாமீன் கேட்பது வேறு. உல்லாசப் பயண வண்டிக்குக் கேட்பது வேறு. பின்னதைக் கேளாதிருப்பதே நட்புக்கு நலம்.

நகையை அடகு வைத்தும், ஊரிலுள்ள நிலத்தையோ வீட்டையோ ஈடு காட்டியும் பணம் திரட்டுவோர் உளர். இவ்வழியை நாம் பரிந்துரையோம். நோய், கல்வி, வேலையிழப்பு ஆகிய இடர்களில் நம்மைக் காப்பன அவையே. தேயும் பொருளுக்காக நிலைத்த பொருளைப் பணயம் வைத்தல் குடும்பக் கணக்குக்குப் பொருந்தாது. மேலும், ஊர் வீடு பெற்றோரின் நிழல்; அவர்களை அழைத்துச் செல்ல வண்டி வாங்குகிறோம் என்று கூறி அவர்கள் குடியிருக்கும் கூரையையே ஈடு வைப்பது முரணன்றோ?

யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்தானாம் என்பது நம் பழமொழி. வண்டியின் விலையோடு செலவு முடிவதில்லை. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட விலையாயின் நூற்றுக்கு 1 வீதம் வருமான வரியாக விற்பவர் வசூலிப்பார். அதனைப் பின்னர் நம் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பதிவு, சாலை வரி, காப்பீடு ஆகியவற்றுக்கும், வண்டியை நிறுத்தும் இடத்துக்கும் தனியே பணம் ஒதுக்க வேண்டும். படுக்கை, குளிர்பெட்டி முதலிய உட்பொருத்தங்களைக் காப்பீட்டில் தனியே குறிப்பிடாவிடில், இழப்பு நேரும்போது அவற்றுக்குத் தொகை கிட்டாமற் போகலாம்.

வேன் ஒன்றைக் கடனில் வாங்கிப் பிறகு பட்டறையில் கேரவனாக மாற்றுவது மலிவு என்று சிலர் கருதுகின்றனர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதனை உறுதிப்படுத்தியது. முறைப்படி அனுமதி பெறாமல் வண்டியை மாற்றுவோர்க்குப் பதிவும் காப்பீடும் சிக்கலாகும். வங்கி வேனின் விலைக்கு மட்டும் கடன் தந்து, மாற்றுவதற்கான செலவை நம் தலையில் விட்டுவிடலாம் என்பதையும் முன்னரே கேட்டறிக. பழைய வண்டி வாங்குவோர், பதிவுச் சான்றில் முந்தைய கடன் குறிப்பு நீக்கப்பட்டுள்ளதா என்று பாராமல் பணம் கொடுத்தலாகாது.

பணிமாற்றலுக்கு ஆட்படும் நம்மவர்க்கு மற்றொரு செய்தி. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும். அங்கே வரியும் கட்ட வேண்டும். தடையில்லாச் சான்று பெறக் கடன் கொடுத்தவரின் ஒப்புதலும் தேவை. 2021 இல் தொடங்கிய பி.எச். வரிசைப் பதிவெண் இத்தொல்லையைக் குறைக்கும். சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கே உரிய அதனை அரசு, பொதுத்துறை ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் பெறலாம்; வரியை ஈராண்டுக்கு ஒருமுறை கட்டினாற் போதும்.

இறுதியாக ஒரு யோசனை. வாங்குமுன் ஒருமுறை வாடகைக்கு எடுத்துச் சென்று பாருங்கள். கேரளம் 2021 இல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. வாடகை வண்டிகள் இன்று வேறு பல இடங்களிலும் கிடைக்கின்றன. பாட்டிக்கு அந்தப் படுக்கை ஒத்துக்கொள்கிறதா, ஆண்டில் எத்தனை நாள் வண்டி ஓடும் என்பன அப்போது விளங்கும். ஆண்டுக்கு இருபது நாளே பயன்படுமாயின், ஓராண்டுத் தவணையையும் இருபது நாள் வாடகையையும் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். வாடகையே சிக்கனம் என்று அத்தாள் சொன்னால் அதனைக் கேட்பதில் இழுக்கில்லை. வாங்குவதே சரி என்று சொன்னால், இம்மாதமே முன்பணம் சேர்க்கத் தொடங்குங்கள். நம் குடும்பங்கள் கடன் சுமையின்றி ஊர் சென்று மீள்க!