பத்திரம் முடிந்தால் நிலம் சொந்தமா?

"பத்திரம் முடிஞ்சுதுங்க. இனி எவன் வந்து என்ன கேப்பான்?"

பல்லடத்தில் முகூர்த்த நாளன்று கிரயம் முடித்துவிட்டு வருகிறவர்களின் பேச்சு இதுதான். கேட்க ஆள் வரலாம். கோர்ட்டு நோட்டீசோடே வரலாம்!

பத்திரப் பதிவு என்பது என்ன? இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார் என்பதற்குச் சர்க்கார் வைக்கும் ஆதாரம். எழுதிக்கொடுத்தவருக்கு அந்த இடம் சொந்தமா என்பதற்குச் சர்க்கார் ஜவாப்தாரி அல்ல. விற்கிறவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளர் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அதுவும் தமிழ்நாட்டு வழக்கில்!

90 ஆயிரம் ரூபாய்

10 லட்ச ரூபாய் சைட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக மொத்தம் 90 ஆயிரம். தறி ஓட்டியும் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்தும் சேர்த்த காசு. இவ்வளவு கட்டியும் உரிமைக்கு உத்தரவாதம் கிடையாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

"ஈ.சி. சுத்தமா இருக்குது" என்பார் புரோக்கர். இருக்கட்டும். வில்லங்கச் சான்று, கேட்ட வருஷங்களில் பதிவானதை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயில் அதில் வராது. கையெழுத்துப் போடாத அக்கா, தங்கச்சி இருப்பதும் வராது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டாயிற்று. பங்கு கேட்டு அவர்கள் வழக்குப் போட்டால், வாங்கினவர்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

நம்பர் விவகாரம்

பழைய பத்திரங்களில் 'கோயமுத்தூர் ஜில்லா, பல்லடம் தாலுகா' என்று இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். திருப்பூர் மாவட்டம் பிறந்ததே 2009-ல்தான். கவனிக்க வேண்டியது சர்வே நம்பர். 1980-களில் நடந்த யு.டி.ஆர். வேலையில் பல இடங்களில் உட்பிரிவு நம்பர் மாறியது. பழைய நம்பரை மட்டும் போட்டு வில்லங்கம் பார்த்தால், புது நம்பரில் நடந்த கிரயமும் அடமானமும் கண்ணில் படாமலே போய்விடும். பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றையும் பக்கத்தில் வைத்து, நம்பரும் அளவும் நான்கு எல்லையும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

வக்கீல் பீசுக்குக் கணக்குப் பார்ப்பவர்கள், டீக்கடை பெஞ்சிலேயே லட்ச ரூபாய் அட்வான்சை எண்ணிக் கொடுப்பதுதான் வேடிக்கை!

பதிவுத் துறைக்கும் ஒரு வேலை உண்டு. 'இங்கே பதிவு மட்டும்தான். சொத்து யாருடையது என்பதை முதலில் நீங்களே விசாரியுங்கள்' என்று ஒவ்வொரு பத்திர ஆபீஸ் வாசலிலும் கொட்டை எழுத்தில் எழுதி வைக்கட்டும். பெயிண்ட் செலவு என்ன ஆகிவிடப் போகிறது?