செய்தி அறையிலிருந்து கட்சிக் கொடியை இறக்குங்கள்

அமீரகத்தின் புஜைரா எண்ணெய்க் கிடங்கில் டியூட்டி முடித்துக் கேம்ப்புக்குத் திரும்பும் தமிழன் குளித்ததும் தேடுவது ஊர்ச் செய்தியைத்தான். மேல் கட்டிலில் கலைஞர் செய்திகள் ஓடுகிறது. கீழ்க் கட்டிலில் நியூஸ் ஜெ. இருவரும் பார்ப்பது அதே நாளின் அதே சட்டமன்றம். ஆனால் ஒருவர் கேட்ட பேச்சு மற்றவர் காதுக்கே வரவில்லை. ஒரே தட்டில் குப்பூஸ் பிய்த்துத் தின்றவர்கள் இதனால் முகம் பார்க்காமல் படுக்கிறார்கள். இந்தப் பாவம் யாரைச் சேரும்?

இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. 2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைதானபோது சன் டிவி கைதுக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டியது. ஜெயா டிவி காவல்துறைத் தரப்புக் காட்சியைக் காட்டியது. 2007 மே மாதம் தினகரன் நாளிதழின் கருத்துக்கணிப்பை ஒட்டி அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டது. 3 ஊழியர்கள் செத்தார்கள். தினகரனையும் சன் டிவியையும் நடத்தும் மாறன் குடும்பத்தோடு கருணாநிதிக்குப் பிணக்கு முற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் கலைஞர் தொலைக்காட்சி வந்தது. ஜெயலலிதாவுக்குப் பின் ஜெயா டிவி சசிகலா குடும்பத்தின் கையில் நின்றதும், 2018 நவம்பரில் அ.தி.மு.க.வுக்காக நியூஸ் ஜெ வந்தது. தலைவர்களுக்குள் மனக்கசப்பு வந்தால் ஒரு சேனல் பிறக்கிறது. மக்கள் குறையைச் சொல்லவென்று எந்தத் தலைவர் சேனல் தொடங்கினார்?

அரசியல் கட்சிகளை ஒளிபரப்புத் துறைக்குள் விடக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008இலும் 2014இலும் பரிந்துரைத்தது. காங்கிரஸ் ஆட்சியும் பா.ஜ.க. ஆட்சியும் அதைக் கிடப்பில் போட்டன. வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வளைகுடாத் தமிழன் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். வாக்களிக்க ஊருக்கு நேரில் போக வேண்டும். லீவும் டிக்கெட்டும் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஊர் அரசியலில் அவனுக்கு மிஞ்சியது செய்தி ஒன்றுதான். அதையும் பாதியாக வெட்டிக் கொடுக்க உங்களுக்கு என்ன உரிமை?

தி.மு.க., அ.தி.மு.க. தலைமைகளே, உங்கள் கட்சிச் சார்புச் சேனல்களைத் திருத்துங்கள். சேனல் யாருடையது என்று செய்தி தொடங்கும்போதே திரையில் எழுதச் சொல்லுங்கள். எதிர்த்தரப்புப் பதிலை அதே செய்தியில் சேர்க்கச் சொல்லுங்கள். எட்டு மணிக்குச் சொன்ன தவறை, மறுநாள் அதே எட்டு மணிக்குத் திருத்திச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடருக்கு முன் இது நடந்தாக வேண்டும்.