கூண்டுக்கு ஒரு கதவு வேண்டும்!

பச்சைக்கிளி வீட்டுச் சொத்தல்ல, காட்டுச் செல்வம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டிலிட்டு வளர்ப்பதும் குற்றம். 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. இன்று அந்தக் குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்!

அருப்புக்கோட்டைத் தறிக்கூடங்களில் இதை அறிந்தோர் எத்தனை பேர்? திருச்சுழிப் பக்கத்துப் பனங்காடுகளில் எத்தனை பேர்? பட்ட பனையின் பொந்திலிருந்து எடுத்த குஞ்சுக்குப் பழமும் நெல்லும் ஊட்டிப் பிள்ளைபோல் வளர்ப்பவன், தன்னைக் குற்றவாளி என்றா எண்ணுகிறான்? பாசம் என்று எண்ணுகிறான். ஆனால் தோழர்களே, சிறகு படைத்ததைச் சிறையிலிட்டுச் சீராட்டுவது பாசமாகுமா? பாற்சோறு ஊட்டினாலும் அடிமை அடிமைதானே! உரிமை பேசும் நம் வீட்டுத் திண்ணையில் கூண்டு தொங்கலாமா?

ஆகவே, சட்டம் வேண்டும் என்கிறோம். நாம் கேட்பது வேறு. திருந்தி, கிளியைத் திருப்பித் தர வருகிறவனுக்கு வழி எங்கே?

அதே 2022 திருத்தம் 42-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தது. உரிமைச் சான்றோடு விலங்கு வைத்திருப்பவர், இனி வேண்டாம் என்றால், ஏழு வேலைநாள் முன்னறிவிப்புக் கொடுத்துத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் ஒப்படைக்கலாம். நல்ல ஏற்பாடு! ஆனால் பனம்பொந்துக் கிளிக்கு எந்தப் பாட்டாளியிடம் சான்று இருக்கிறது?

சீமான் வீட்டுச் சேதியையும் கேளுங்கள். கடல்கடந்து வந்த பஞ்சவர்ணக் கிளிகளும் அயல்நாட்டு விலங்குகளும் வைத்திருப்போருக்கு, 2020 ஜூனில் டில்லி அரசு ஆறு மாதத் தவணை தந்தது. அதற்குள் தாமாக முன்வந்து தெரிவித்தால் இறக்குமதிப் பத்திரம் கேட்கமாட்டோம் என்றது. 2024 பிப்ரவரி 28-இல் பதிவு விதிகளைப் பிறப்பித்து, மீண்டும் ஆறு மாதம் தந்தது. அவர்களுக்குத் தவணை தந்ததை நாம் குறை கூறவில்லை. மாளிகைக்குக் காட்டிய பொறுமையைக் குடிசைக்கும் காட்டு என்கிறோம்!

வழி இல்லையென்றால் என்ன நடக்கும்? வழக்குக்கு அஞ்சியவன் இரவோடிரவாகக் கூண்டைத் திறந்துவிடுவான். கைத்தீனியில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. காக்கைக்கும் பூனைக்கும் அது இரையாகும். கண்ணாடித் தொட்டியில் வளர்த்த சிவப்புக்காது ஆமையையும், பாசி தின்னும் முள்மீனையும் அலுத்துப்போய்க் கண்மாயில் விட்டால் கேடு இன்னும் பெரிது. அந்த முள்மீன் பெருகினால் நாட்டு மீனுக்கு இடமில்லை, மீனவன் வலையும் கிழியும். அயலிலிருந்து வந்ததை அவிழ்த்துவிட்டால் என்னவாகும் என்று நமக்குப் பாடம் வேண்டுமா? சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் நம் கண்மாய்களே பாடம்!

2023 ஜூலையில் மதுரை வனத்துறை நாள் குறித்து, வளர்ப்புக் கிளிகளை ஒப்படைக்கச் சொன்னது. விருதுநகர் மாவட்டத்திலும் அதைச் செய்யட்டும். அருப்புக்கோட்டையில் ஒரு நாள், திருச்சுழியில் ஒரு நாள். அதுவும் கூலி கெடாத ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். கொண்டுவருவோர் மீது வழக்கில்லை என்று தண்டோராப் போடட்டும். ஒப்படைத்ததற்குச் சீட்டுக் கொடுக்கட்டும். பறக்க வல்லதைப் பழக்கிப் பறக்கவிடட்டும், இறக்கை வெட்டுண்டதை வைத்துக் காக்கட்டும். அதன்பிறகு சட்டம் பாயட்டும், குடிசை மாளிகை என்று பாராமல்!

தோழர்களே, நமக்கும் வேலை உண்டு. தேநீர்க்கடையிலும் சங்கக் கொட்டகையிலும் இதை எடுத்துச் சொல்லுங்கள். குஞ்சு விற்க வருபவனிடம் வாங்காதீர்கள். வாங்குவோன் இல்லையேல் பிடிப்போன் இல்லை. கண்மாயில் எதையும் கொட்டவிடாதீர்கள்.

கிளிக்கு வானம் வேண்டும். அதைத் திருப்பித் தரும் ஏழைக்கு அச்சமற்ற கதவு வேண்டும். இரண்டையும் கேட்போம், பெறுவோம்!