விலகுவாரா என்ற கேள்வி

2011-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி, அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் குடியரசுக் கட்சியின் அபேட்சகராகும் பொருட்டு ஊர் ஊராகப் பிரசாரம் செய்துவந்த ஹெர்மன் கெய்ன், தம் காரியாலயத்து ஊழியர்களைத் தொலைபேசியில் ஒருசேர அழைத்து, போட்டியில் நீடிப்பதா வேண்டாமா என்பதை மறுபரிசீலனை செய்துகொண்டிருப்பதாகத் தெரிவித்தார். தம்மவர்களுக்கென்று அந்தரங்கமாகச் சொன்ன அந்த வார்த்தை, சம்பாஷணை முடிவதற்குள்ளாகவே பத்திரிகைகளுக்கு எட்டிவிட்டது. அன்று தொடங்கி டிசம்பர் 3-ஆம் தேதி அட்லாண்டா நகரில் அவர் மேடையேறிய கணம் வரையில், அந்தத் தேசத்தின் தொலைக்காட்சிகளும் பத்திரிகைகளும், அவர் விலகுவாரா மாட்டாரா, விலகினால் அவருடைய ஆதரவாளர்கள் யார் பக்கம் சாய்வார்கள் என்ற ஆராய்ச்சியிலேயே இரவும் பகலும் ஆழ்ந்து கிடந்தன. அந்த ஐந்து நாட்களின் ஊகங்களை இன்று எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அந்த ஆரவாரத்தில், அதைவிட எத்தனையோ மடங்கு கனமான வேறொரு கேள்வி அமுங்கிப் போயிற்று. கெய்ன் மறைந்து ஆண்டுகள் பல ஆன பிறகும் அதற்கு விடை இல்லை.

கெய்ன் சாமானியர் அல்லர். கறுப்பின மக்களுக்கும் வெள்ளையருக்கும் குடிநீர்க் குழாய் கூடத் தனித்தனியாக இருந்த காலத்து ஜார்ஜியா மாகாணத்தில், ஒரே சமயத்தில் மூன்று வேலைகள் பார்த்துக் குடும்பத்தைக் காத்த ஒரு கார் ஓட்டியின் மகனாக வளர்ந்து, மோர்ஹவுஸ் கல்லூரியில் கணிதமும் பர்டூ சர்வகலாசாலையில் கம்ப்யூட்டர் விஞ்ஞானமும் கற்று, நொடித்துக் கிடந்த ‘காட்ஃபாதர்ஸ் பீட்சா’ கம்பெனியைத் தலைமையேற்றுத் தூக்கி நிறுத்தி, 2006-இல் நான்காம் நிலையை எட்டிய புற்றுநோயிலிருந்தும் மீண்டு வந்தவர். எந்தப் பதவிக்கும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அனுபவம் அவருக்கு இல்லை. ஆயினும், கம்பெனி வரி, வருமான வரி, விற்பனை வரி மூன்றையும் நூற்றுக்கு 9 என்று ஆக்கிவிடலாம் என அவர் சொன்ன ‘9-9-9’ திட்டம், பொருளாதார நிபுணர்களின் பரிகாசத்தையும் மீறிச் சாதாரண ஜனங்களின் மனத்தில் பதிந்தது. செப்டம்பர் மாதம் புளோரிடாவில் கட்சிப் பிரதிநிதிகள் நடத்திய மாதிரி வாக்கெடுப்பில் அவர் முதலிடம் பெற்றார். அக்டோபர் இறுதியில் சில கருத்துக்கணிப்புகளில் சக போட்டியாளர் மிட் ராம்னியையே முந்தி நின்றார்.

அந்த நேரத்தில்தான், அக்டோபர் 30-ஆம் தேதி, ‘பொலிட்டிகோ’ பத்திரிகை அந்தச் செய்தியை வெளியிட்டது. 1996 முதல் 1999 வரை வாஷிங்டனில் தேசிய உணவக சங்கத்தின் தலைமை நிர்வாகியாக அவர் இருந்த காலத்தில், அங்கே உத்தியோகம் பார்த்த இரு பெண்கள் அவர்மீது பாலியல் தொல்லை குறித்துப் புகார் செய்தார்கள் என்பதும், பணம் பெற்றுக்கொண்டு, நடந்ததை வெளியே பேசுவதில்லை என்ற உடன்படிக்கையில் கையெழுத்திட்டு வேலையை விட்டுப் போனார்கள் என்பதும் அச்செய்தியின் சாரம். மறுநாள் நேஷனல் பிரஸ் கிளப்பில் நிருபர்கள் முன் வந்து நின்ற கெய்ன், தாம் யாருக்கும் தொல்லை கொடுத்ததில்லை, பணம் கொடுக்கப்பட்டதாகவும் தமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டதற்கு இணங்க ஒரு பக்திப் பாடலையும் பாடி முடித்தார். அதே தினம் மாலையில் தொலைக்காட்சிப் பேட்டிகளில், ஓர் உடன்பாடு இருந்தது நினைவுக்கு வருகிறது, சில மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகையாக இருக்கலாம் என்றார். காலைக்கும் மாலைக்கும் இடையே பேச்சு மாறிய அந்த ஒரு தினமே, ஒரு முறையான விசாரணையின் அவசியத்தை எவருக்கும் உணர்த்தியிருக்க வேண்டும். அடுத்த வாரத்தில் வேறொரு பெண், முகத்தை மறைக்காமல் நியூயார்க்கில் நிருபர்களைச் சந்தித்து, வேலை தேடி உதவி கேட்டு வந்த தம்மிடம் 1997-இல் கெய்ன் முறைதவறி நடந்ததாகக் கூறினார். கெய்ன் இவை அனைத்தையும் மறுத்தார். கடைசி வரையில் மறுத்துக்கொண்டே இருந்தார் என்பதையும் நியாயம் கருதிச் சொல்லியாக வேண்டும்.

இந்தப் புகார்களால் கெய்னின் செல்வாக்கு கரையத் தொடங்கிற்று என்பது உண்மையே. ஆனாலும் அவர் விலகவில்லை, விலகும்படி கட்சித் தலைவர்கள் பகிரங்கமாக வற்புறுத்தவும் இல்லை. நான்கு வாரங்கள் இப்படிக் கழிந்தன. நவம்பர் 28-ஆம் தேதி அட்லாண்டாவைச் சேர்ந்த ஒரு பெண், தமக்கும் கெய்னுக்கும் பதின்மூன்று ஆண்டுகளாக அந்தரங்க உறவு இருந்தது என்று உள்ளூர்த் தொலைக்காட்சியில் சொன்னார். மறுநாளே மறுபரிசீலனை, ஐந்தாம் நாள் விலகல்.

இங்கேதான் என் மனம் ஆறவில்லை. ஒரு ஸ்தாபனத்தின் தலைவர், தம் கீழே சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்களிடம் அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்தாரா என்பது ஜனாதிபதி பதவியின் யோக்கியதையை நேராகத் தொடுகிற கேள்வி. லட்சோபலட்சம் ஊழியர்களைக் கொண்ட ஓர் அரசாங்கத்தை அவரிடம் ஒப்படைக்கலாமா என்பதே அதற்குள் அடங்கியிருக்கிறது. வயதுவந்த இருவர் மனமொத்துக் கொண்டதாகச் சொல்லப்படும் உறவோ, முதலாவதாக அவர் மனைவிக்கும் அவருக்கும் இடையிலான துக்கம். முன்னது நான்கு வாரம் பேசப்பட்டும் அவரை அசைக்கவில்லை, பின்னது ஐந்தே நாளில் வீழ்த்தியது என்றால், குற்றங்களின் தராதரத்தைத் தலைகீழாக வைத்து நிறுத்தது யார்? ஜனங்கள் என்று சொல்வதற்கில்லை, ஏனென்றால் அன்று வரை ஒரு வோட்டுக் கூடப் பதிவாகவில்லை. ஐயோவா மாகாணத்தில் முதல் வாக்கெடுப்பு ஜனவரி 3-ஆம் தேதிதான்.

ஊகம் எப்படி ஒருவரை விலக்குகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அமெரிக்க உட்கட்சித் தேர்தல் ஒரே நாளில் முடிவது அன்று. மாகாணம் மாகாணமாக ஆறு மாத காலம் நடப்பது. அந்த ஆண்டில், உட்கட்சிப் போட்டிக்காக ஒரு தனிமனிதர் ஓர் அபேட்சகருக்குக் கொடுக்கக்கூடிய நன்கொடையின் உச்ச வரம்பு 2,500 டாலர். ஆகவே முதலில் கொடுத்தவர்களை மாத்திரம் நம்பி எவரும் பிரசாரத்தை ஓட்டிக்கொண்டு போக முடியாது; வாராவாரம் புதிய நன்கொடையாளர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். நாளைக்கு இருப்பாரோ மாட்டாரோ என்று ஊரெல்லாம் பேசப்படுகிற ஒருவருக்கு இன்று பணம் அனுப்புவார் யார்? பணம் நின்றால் விளம்பரம் நிற்கும், விளம்பரம் நின்றால் கணிப்பில் எண் இறங்கும், எண் இறங்கியதைக் காட்டியே மறுபடியும், விலகுவாரா என்று எழுதப்படும். ஐயோவாவில் அக்டோபரில் 23 சதவீதமாக இருந்த கெய்னின் ஆதரவு, ‘டி மாய்ன் ரெஜிஸ்டர்’ பத்திரிகை டிசம்பர் தொடக்கத்தில் வெளியிட்ட கணிப்பில் 8 சதவீதமாயிற்று. விலகல் அறிவிப்பதற்கு முன்பே அவர் விலக்கப்பட்டுவிட்டார்.

1987-இல் கேரி ஹார்ட்டுக்கு நேர்ந்ததும் இதுவே. இத்தகைய அந்தரங்க உறவு பற்றி மே 3-ஆம் தேதி ‘மயாமி ஹெரால்டு’ வெளியிட்ட செய்திக்குப் பிறகு, ஜனநாயகக் கட்சியின் முன்னணி அபேட்சகர் ஐந்தே நாட்களில் போட்டியிலிருந்து வெளியேறினார். டிசம்பரில் ஜனங்களே முடிவு செய்யட்டும் என்று திரும்பி வந்த அவருக்கு நியூ ஹாம்ப்ஷயரில் கிடைத்தது சுமார் 4 சதவீதம். பில் கிளிண்டன் 1992 ஜனவரியில் இதே சுழலில் சிக்கியபோது விலகவில்லை. மனைவியுடன் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசினார், நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டாமிடம் பெற்றார், அவ்வாண்டு நவம்பரில் ஜனாதிபதியாகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹார்ட்டைவிடக் கிளிண்டன் நல்லொழுக்கத்தில் சிறந்தவர் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஊகத்தின் வேகம் தணியும் வரையில் தாக்குப்பிடிக்கிற பணமும் ஆள்பலமும் நெஞ்சழுத்தமும் கிளிண்டனிடம் இருந்தன, அவ்வளவே.

கெய்னைக் கைவிட்டவர்களில் பெரும்பகுதியினர் எங்கே போனார்கள் என்பதையும் நோக்க வேண்டும். மூன்று முறை மணம் புரிந்தவரும், கிளிண்டன்மீது குற்ற விசாரணைத் தீர்மானம் நடந்துகொண்டிருந்த நாட்களில் தமக்கும் தகாத உறவு இருந்ததை 2007-இல் தாமே ஒப்புக்கொண்டவருமான நியூட் கிங்ரிச் என்ற மற்றோர் அபேட்சகரிடம் போய்ச் சேர்ந்தார்கள். 2012 ஜனவரி 19-ஆம் தேதி நார்த் சார்ல்ஸ்டன் நகரத்து விவாத மேடையில், அவருடைய முந்தைய மனைவி சொன்னதைப் பற்றி முதற்கேள்வியாகக் கேட்கப்பட்டபோது, கேட்ட பத்திரிகையாளரையே கிங்ரிச் கடிந்துகொண்டார். சபையோர் எழுந்து நின்று கரகோஷம் செய்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தென் கரோலினாவில் அவர் வென்றார். அதே வாக்குச்சீட்டில் கெய்னின் பெயரும் நீக்கப்படாமல் இருந்தது. ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதற்கும் வோட்டளித்திருந்தார்கள். ஒழுக்கத்தின் பேரால் கெய்ன் தண்டிக்கப்பட்டார் என்ற வாதம் இதற்குப் பின் எப்படி நிற்கும்?

விசாரணை என்பது அசாத்தியமானதும் அன்று. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால், 1991 அக்டோபரில், உச்ச நீதிமன்றப் பதவிக்கு நியமிக்கப்பட்டிருந்த கிளாரன்ஸ் தாமஸ்மீது அனிதா ஹில் சுமத்திய புகாரை செனட் சபையின் கமிட்டி பகிரங்கமாக விசாரித்தது. சாட்சி சொல்லக் காத்திருந்த மற்றப் பெண்களைக் கூப்பிடாமலே முடித்த குறை அதற்கு உண்டு. அனிதா ஹில்லிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பல நாகரிக சமூகம் வெட்கப்பட வேண்டியவை. என்றாலும் இரு தரப்பாரும் சத்தியப் பிரமாணம் செய்து பேசினார்கள், தேசம் முழுவதும் கேட்டது, 52-க்கு 48 என்ற வாக்கில் ஒரு முடிவு பதிவாயிற்று. அதை ஒப்புக்கொள்பவருக்கும் மறுப்பவருக்கும் கையில் ஏதோ ஓர் ஆதாரம் இருக்கிறது. கெய்ன் விஷயத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அவர் மேடையில் நின்று பிரசாரத்தை நிறுத்தி வைப்பதாகச் சொன்ன மறுகணமே, நிருபர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிங்ரிச்சின் கூட்டங்களுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண்கள் சொன்னது மெய்யானால், அவர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. பொய்யானால், அந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை. விலகல் ஒரு தீர்ப்பைப் போலத் தோற்றமளித்ததே தவிர, எவருடைய வழக்கையும் அது தீர்க்கவில்லை.

தீராத வழக்கு திரும்பி வரும். 2019 ஏப்ரலில் ஜனாதிபதி டிரம்ப் கெய்னை மத்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநர் குழுவில் நியமிக்க எண்ணியபோது, அதே பழைய புகார்கள் அதே பழைய நிலையில், மெய்ப்பிக்கப்படாமலும் பொய்ப்பிக்கப்படாமலும், மறுபடி எழுந்தன. குடியரசுக் கட்சி செனட்டர்கள் நால்வர் அவரை ஆதரிக்க மறுத்தார்கள். நால்வரில் ஒருவர் அன்றைய போட்டியாளர் ராம்னி. அங்கும் விசாரணை நடக்கவில்லை, அங்கும் அவர் விலகியதோடு விஷயம் மூடப்பட்டது. 2020 ஜூலை 30-ஆம் தேதி கொரோனா நோயால் கெய்ன் காலமானார்.

ஆகவே, அடுத்த முறை எந்தத் தேசத்து அபேட்சகர்மீது இத்தகைய புகார் எழுந்தாலும், அவர் விலகுவாரா என்று பத்திரிகைகள் கேட்கும்போது, புகார் செய்தவரை இதுவரை யார் விசாரித்தார்கள், அவருடைய வாயைக் கட்டிய உடன்படிக்கை எங்கே இருக்கிறது என்று வாசகர்கள் திருப்பிக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், பாலியல் தொல்லை பற்றிய தகராறு எழுவதற்கு முன்கூட்டியே எழுதி வாங்கப்படும் மௌன ஒப்பந்தங்களை மாத்திரமே செல்லாதவையாக்கியது. புகார் எழுந்த பின் பணம் கொடுத்து எழுதி வாங்கப்படுபவை, உணவக சங்கத்தில் அந்தப் பெண்கள் கையெழுத்திட்டவை போன்றவை, அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை.