வாசலில் ஒரு சிக்னல்



ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் உள்ளே போவதில்லை. ஒலிப்பதிவு அறைக்கு வெளியே எரிந்தால் யாரும் இருமக்கூட மாட்டார்கள். ஆனால் பள்ளிப்பாளையத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பையன் ஆன்லைனில் இன்டர்வியூ கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் வீட்டில் நான்கு விசைத்தறி. ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. தறிக்கூடத்தை ஒட்டி ஒரே ஒரு அறை. போன ஆடியில் ஒரு கம்பெனி இன்டர்வியூ. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்ட நேரம் பார்த்து அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "கண்ணு, நாலாந் தறியில பாவு அறுந்துபோச்சு, வா!" அந்தப் பக்கம் சிரித்தார்கள். வேலை கிடைக்கவில்லை.

ராத்திரி அப்பாவிடம் கோபப்பட்டேன். அவர் சொன்னார்: "போனைப் பாத்துப் பேசறதும் வேலைதான்னு எனக்கு எப்படிக் கண்ணு தெரியும்?"

நியாயமான கேள்வி! எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். தறி ஓடினால் சத்தம் வரும், வேலை நடக்கிறது என்று தெரியும். படிப்புக்குத்தான் சத்தமே இல்லையே!

தறிச் சத்தத்தில் மணி அடித்துப் பிரயோஜனமில்லை. விளக்குதான் பேசும். பழைய செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டை எடுத்து ஒரு சிவப்பு எல்.இ.டி.க்கு நேராகக் கொடுத்தேன். ஒரு நொடி பளிச்... அப்புறம் போயே போச்சு! அதன் பிறகுதான் ஓம் விதி ஞாபகம் வந்தது. சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். மீதி 3 வோல்ட்டை ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். 330 ஓம் போட்டால் சுமார் 9 மில்லி ஆம்பியர்தான் ஓடும். ரெக்கார்டு நோட்டில் எத்தனையோ தடவை எழுதிய கணக்கு, எரிந்துபோன அந்த ஒரு எல்.இ.டி.யில்தான் புரிந்தது.

அதிலும் ஒரு சிக்கல். சுவிட்சை அணைக்க மறந்துவிடுவேன். விளக்கு சும்மாவே எரியும். அம்மா சாப்பிடக்கூடக் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் யாருமே அதை மதிக்கவில்லை. பொய் சொல்கிற விளக்கை யார் நம்புவார்கள்? அதனால் போன் வைக்கிற ஸ்டாண்டின் அடியில் ஒரு புஷ் சுவிட்ச் வைத்தேன். போனை வைத்தால் எரியும், எடுத்தால் அணையும். பழைய டெலிபோனில் ரிசீவரை எடுத்து வைப்பது போலத்தான்!

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். மூன்றாம் ஆண்டு பிராஜெக்ட் என்றதும் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் போட்டு ரெடிமேடாக வாங்குகிறோம். வைவாவில் திருதிருவென்று முழிக்கிறோம். அந்தப் பணம் எத்தனை மீட்டர் துணி நெய்த கூலி என்று யோசித்தோமா?

"இத்தனூண்டு லைட்டு ஒரு பிராஜெக்டா?" என்று சிரிக்கலாம். சிரியுங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் தரும் எல்.இ.டி.யை 1962-ல் நிக் ஹோலோன்யாக் செய்து காட்டியபோது அதுவும் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம்தான். நீல எல்.இ.டி.க்கு 2014-ல் நோபல் பரிசே கிடைத்தது!

நம்ம ஊரில் பிரச்சினைக்கா பஞ்சம்? நாமக்கல் கோழிப்பண்ணையில் தண்ணீர்த் தொட்டி காலியானால் ஒரு விளக்கு எரியட்டும். சேலத்து சேகோ ஆலையில் மோட்டார் சூடானால் ஒரு பஸ்ஸர் கத்தட்டும். சின்னதாக இருந்தாலும் சொந்தமாகச் செய்ததற்கு முழு மார்க் தர வேண்டும் என்று நம் மாணவர் பேரவை துறைத் தலைவர்களிடம் கேட்க வேண்டும். இது என் வேண்டுகோள்.

போன வாரம் இன்னொரு இன்டர்வியூ. விளக்கு எரிந்தது. திடீரென்று தறிச் சத்தம் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டதோ என்று பயந்தேன். இல்லை. நாலு தறியையும் அப்பாவே நிறுத்தியிருந்தார். தறி நின்றால் கூலியும் நிற்கும். "ஏம்ப்பா?" என்றேன்.

"நீ பேசறது அவங்களுக்குக் கேக்கோணுமல்ல, கண்ணு!"

நண்பர்களே, இந்த முறை பிராஜெக்டை நாமே செய்வோம்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை