எண் கேமராவைச் சொல்லும், கையைச் சொல்லாது

இணையத்தில் பழைய கேமரா விற்பனை பெருகியதிலிருந்து ஒரு வகை விளம்பரம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. புகழ்பெற்ற புகைப்படக்காரர் ஒருவர் பயன்படுத்திய கேமரா என்று தலைப்பு இருக்கும். அடியில், வரிசை எண் சரிபார்க்கப்பட்டது என்றும் நிபுணர் சான்று உண்டு என்றும் இரண்டு வரிகள். விலை, அதே மாடலின் சந்தை விலையைப் போல் பல மடங்கு. எண்ணும் சான்றும் மெய்யாகவே இருந்தும் வாங்குபவர் ஏமாறலாம். சான்று எழுதியவர் பார்த்தது கேமராவை. விற்பவர் காசாக்குவது பெயரை.

அந்தச் சான்றை எழுதுபவர்கள் இந்த இதழின் வாசகர்களாகிய நாம்தான்: பழுதுபார்ப்பவர்கள், மதிப்பீட்டாளர்கள், வியாபாரிகள், பல ஆண்டுகள் சேகரித்துக் கண் பழகியவர்கள். ஒருவர் கொண்டுவந்த லைக்காவைத் திறந்து பார்த்து, ‘இது அசல்’ என்று எழுதித் தருகிறோம். அந்தத் தாள் கைமாறும்போது ‘இது அவருடையது’ என்று படிக்கப்படுகிறது. நாம் அப்படிச் சொல்லவில்லை என்பது உண்மை. அப்படிப் படிக்க இடம் கொடுத்து எழுதினோம் என்பதும் உண்மை.

புகழ்பெற்றவரின் கேமரா என்று ஒன்று வரும்போது மூன்று கேள்விகள் எழுகின்றன. கேமரா அசலா? அது அவரிடம் இருந்ததா? சொல்லப்படும் படத்தை எடுத்தது அதுதானா? மூன்றுக்கும் சான்றுகள் வேறு வேறு. ஒன்றுக்குக் கிடைத்த விடையை இன்னொன்றுக்குக் கடன் கொடுக்க முடியாது. நம் தொழிலில் நேரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்தக் கடனால் வருபவை.

முதல் கேள்வி நமக்குக் கைவந்தது. கார்கிவ் நகரில் 1934 முதல் தயாரான ஃபெட், கிராஸ்னகோர்ஸ்கில் 1948 முதல் தயாரான சோர்க்கி ஆகிய சோவியத் கேமராக்களின் மேல்தகட்டைச் செதுக்கி, லைக்கா என்று எழுதி, தங்கப் பூச்சு பூசி, ஜெர்மன் விமானப்படை முத்திரையோ 1936 பெர்லின் ஒலிம்பிக் சின்னமோ பொறித்து விற்பது பழைய வித்தை. லென்ஸைக் கழற்றிப் பார்த்தாலே பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரை இயக்கும் கரத்தின் நுனியில் லைக்காவில் சிறு உருளை இருக்கும். சோவியத் பாடியில் ஆப்புபோன்ற தட்டையான நாக்கு இருக்கும். பொறிப்பைப் பற்றி விவாதிக்க வேண்டிய தேவையே எழாது.

ஹாசல்பிளாட்டில் எண்ணே ஆண்டைச் சொல்லிவிடுகிறது. வரிசை எண்ணுக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்துகளை ‘வி எச் பிக்சர்ஸ்’ என்ற பத்து எழுத்துச் சாவியால் படிக்க வேண்டும்: வி ஒன்று, எச் இரண்டு, பி மூன்று, ஐ நான்கு, சி ஐந்து, டி ஆறு, யு ஏழு, ஆர் எட்டு, இ ஒன்பது, எஸ் சுழி. யு, சி என்று தொடங்கினால் 1975. 1960களில் எடுத்த படத்தோடு இணைத்து விற்கப்படும் பாடியில் இந்த எழுத்துகள் இருந்தால், கேமரா அசலாக இருக்கும்போதே கதை பொய்யாகிவிடுகிறது.

முதல் கேள்வியிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பொருந்தாமை எல்லாமே போலி ஆகாது. பழைய லைக்காக்களைப் புதிய மாடலாக மாற்றித் தரும் சேவையை லைட்ஸ் தொழிற்சாலையே நடத்தியது. மாற்றிய பிறகும் பழைய எண்ணே தொடர்ந்தது. எண்ணின் ஆண்டில் இல்லாத வசதி ஒன்று பாடியில் இருப்பதாலேயே அதை ஒதுக்கிவிட முடியாது. ஹாசல்பிளாட் மேகசினின் கூட்டிலும் உள்செருகியிலும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் ஒத்திருக்க வேண்டும். ஆனால் ஐந்தாறு மேகசின்களை வைத்து அவசரத்தில் ஃபிலிம் மாற்றியவரிடம் அவை கலந்துபோயிருப்பது இயல்பு. உழைத்த கேமராவில் மாற்றிய திரைச்சீலை, பின்னால் போட்ட திருகு, வேறு பாடியின் அடித்தகடு எல்லாம் இருக்கும். போர்முனையில் சுழன்றதாகச் சொல்லப்படும் கேமரா முழுக்க முழுக்கத் தொழிற்சாலை நிலையில் வந்தால்தான் நாம் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

இரண்டாவது கேள்வியில் நம் கருவிகள் குறைந்துவிடுகின்றன. லைக்காவின் விநியோகப் பதிவேடு ஒரு பாடி எந்த நாளில் எங்கே அனுப்பப்பட்டது என்று சொல்லும். அங்கிருந்து யார் வாங்கிப்போனார் என்பது பெரும்பாலும் அதில் இராது. முழு ஆயிரங்களில் அமைந்த எண்கொண்ட கேமராக்களைப் பெரிய மனிதர்களுக்கு லைட்ஸ் பரிசளித்தது உண்டு. அப்போது உடைமை பிசகில்லாமல் நிறுவப்படுகிறது. ஆனால் பரிசாக வந்ததை அவர் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுத் தன் பழைய பாடியோடேயே சுற்றியிருக்கவும் கூடும்.

பெயர்ப் பொறிப்பு ஆகப் பலவீனமான சான்று. யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். பூச்சுக்கு முன் பொறித்ததா பின் பொறித்ததா என்று உருப்பெருக்கியில் பார்க்கலாம். ஆனால் உரிமையாளர் தன் பெயரைத் தானே பின்னாளில் பொறித்துக்கொள்வதும் வழக்கம் என்பதால் அதுவும் முடிவு சொல்லாது. 2022 ஜூனில் வெட்ஸ்லார் ஏலத்தில் 1.44 கோடி யூரோவுக்குப் போன லைக்கா 0 வரிசை, எண் 105, லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக்கின் பெயரை வியூஃபைண்டர் மேல் தாங்கியிருந்தது. அந்தப் பொறிப்பு மட்டும் அவ்வளவு விலையைத் தாங்கியிருக்காது. பர்னாக் 1930இல் அதை மகன் கான்ராடிடம் கொடுத்தார்; அவர் 1960 வரை வைத்திருந்து அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவருக்கு விற்றார். நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரத்திலிருந்து வில்லங்கம் பார்ப்பதுபோல, முதல் கையிலிருந்து கடைசிக் கைவரை இடைவெளி இல்லாமல் படிக்க முடிந்ததுதான் அதன் பலம். புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனுக்கென்றே லைட்ஸ் செய்துகொடுத்த நான்கு எம்3டி பாடிகளில் இரண்டாவது, 2012இல் வியன்னாவில் 16.8 லட்சம் யூரோவுக்கு விற்றபோதும் அப்படித்தான். அவர் பெயரின் எழுத்து மாடலின் பெயரிலேயே இருந்தது. அவரும் அப்போது உயிரோடு இருந்தார்.

இவை விதிவிலக்குகள். இணையத்தில் வருபவற்றில் பெரும்பாலும் ‘குடும்பத்திடமிருந்து வந்தது’ என்ற ஒற்றை வாக்கியம்தான் இருக்கும். குடும்பத்தார் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. அப்பாவிடம் லைக்கா இருந்தது அவர்களுக்குத் தெரியும். நான்கு பாடிகளில் எது என்பது தெரியாது. செய்தி நிறுவனங்களில் கேமரா ஆளுக்கு ஆள் கைமாறும் பொதுப் பொருளாகச் சுற்றியதும் உண்டு.

காகிதங்களை எடைபோட ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: அது எழுதப்பட்டபோது விலை பற்றிய நினைப்பு யாருக்காவது இருந்ததா? விற்பனைக்கு முந்தைய வாரம் எழுதிய உறுதிமொழிக் கடிதத்தைவிட, பாடி எண் குறித்த பழைய பழுதுபார்ப்பு ரசீது மேல். வெளிநாட்டுப் பயணத்தில் சுங்கத்துக்காகக் கேமரா எண்களைப் பட்டியலிட்ட படிவம் அதைவிட மேல். காப்பீட்டுப் பட்டியலும் அப்படியே. இவற்றை எழுதியவருக்குப் பின்னாள் ஏலத்தைப் பற்றிய கனவு கிடையாது. அடுத்ததாக, அவர் கையில் கேமரா இருக்கும் பழைய படம். எண் தெரியாவிட்டாலும், ஒரு கீறலும் ஓர் ஓரச் சிதைவும் அதே இடத்தில் அதே வடிவில் இருந்தால் அது பேசும்.

தேய்மானத்தையும் படிக்கக் கற்றிருக்கிறோம். கறுப்புப் பெயின்ட் லைக்காவுக்குக் கூடுதல் விலை என்பதால் குரோம் பாடியைக் கறுப்பாக்கி, பித்தளை தெரிய உரசித் தருகிறார்கள். உப்புத்தாள் கீறல் ஒரே திசையில் ஓடும். விரலும் வாரும் உரசிய தேய்வு ஓரங்களில் கரைந்து மறையும். ஆனால் வெளிப்புறத்தைவிட உட்புறம் நேர்மையானது. கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது டெவலப் செய்யாமல் விட்டுப்போன ஃபிலிம் சுருள்கள் மட்டுமே ஏறத்தாழ 2,500. அப்படிச் சுட்டுத்தள்ளிய ஒருவரின் பாடி என்று வந்தால், பிரஷர் பிளேட்டும் ஃபிலிம் ஓடும் தண்டவாளமும் பல்சக்கரமும் அந்த உழைப்பைக் காட்ட வேண்டும். வெளியே தழும்பும் உள்ளே பளபளப்புமாக ஒன்று வந்தால் அந்தத் தழும்பை நம்ப வேண்டாம். இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. தேய்மானம் ‘இது உழைத்தது’ என்று சொல்லும். யாருக்கு உழைத்தது என்று சொல்லாது.

மூன்றாவது கேள்விக்குக் கேமராவை மட்டும் வைத்துக்கொண்டு விடை காண முடியாது, நெகட்டிவ் வேண்டும். ஃபிலிம் கேட்டின் விளிம்பு ஒவ்வொரு ஃபிரேமிலும் நிழலாகப் பதிகிறது. மூலைகளின் வளைவு, விளிம்பில் ஒரு பிசிறு, துளைகளுக்கும் ஃபிரேமுக்கும் உள்ள தூரம், ஃபிரேம்களுக்கிடையே உள்ள இடைவெளி எல்லாம் அந்தப் பாடியைப் பற்றிய தகவல்கள். முதல் நிக்கான் 24க்கு 32 மில்லிமீட்டர் ஃபிரேம் எடுத்தது. அடுத்து வந்த நிக்கான் எம், 24க்கு 34. முழு 36 மில்லிமீட்டர் நெகட்டிவை இவற்றின் தலையில் கட்ட முடியாது. ஹாசல்பிளாட் ஃபிரேமின் ஓரத்தில் இரண்டு சிறு வெட்டுகள் விழும். எந்த மேகசின் கோளாறு செய்கிறது என்று கண்டுபிடிக்கத் தாமே கூடுதல் வெட்டு அராவிக்கொண்ட புகைப்படக்காரர்களும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் பொக்கிஷம்.

2014இல் வியன்னாவில் 6,60,000 யூரோவுக்கு ஏலம்போன ஹாசல்பிளாட் இதற்கு நல்ல பாடம். 1971இல் அப்போலோ 15 பயணத்தில் ஜேம்ஸ் இர்வின் நிலவில் பயன்படுத்தியது என்று அது விற்கப்பட்டது. ஃபிலிமுக்கு முன்னால் உள்ள குறுக்குக்குறிக் கண்ணாடித் தகட்டில் 38 என்ற எண் இருந்தது; அதே எண் அப்பயணப் படங்களிலும் தெரிகிறது என்று ஏல நிறுவனம் காட்டியது. கேமராவையும் படத்தையும் முடிச்சுப் போடும் வழி இதுவே. ஆனால் நிலவிலிருந்து திரும்பிய ஒரே கேமரா என்று கூடவே பரவிய பெருமை, விஷயம் அறிந்தவர்களால் மறுக்கப்பட்டது. தகட்டின் எண் ஒன்றை நிறுவியது. ‘ஒரே’ என்ற பெருமையை அது நிறுவவில்லை.

அண்மைக் காலத்தில் நம் தொழிலை உலுக்கியிருக்க வேண்டிய நிகழ்வு, 1972 ஜூன் 8 அன்று வியட்நாமின் டிராங் பாங்கில் எடுக்கப்பட்ட, நேபாம் எரித்த சிறுமி ஓடிவரும் படம் பற்றியது. அதை எடுத்தவராக அறியப்பட்டவர் நிக் உட். அதை எடுத்த கேமரா என்று வாஷிங்டனின் நியூசியம் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருந்தது ஒரு லைக்கா எம்2. 2025இல் வந்த ஓர் ஆவணப்படம் படத்தை எடுத்தவர் வேறொருவர் என்று கூறியதும், அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் தன் காப்பகத்தைக் கிளறியது. நெகட்டிவின் அடையாளங்கள் லைக்காவுக்குப் பொருந்தவில்லை. பென்டாக்ஸால் எடுத்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அதன் அறிக்கை கூறியது. எடுத்தவரின் பெயரை மாற்றும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று அந்நிறுவனம் உட்டின் பெயரைத் தக்கவைத்தது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்போ பெயரை நிறுத்திவைத்தது. யார் எடுத்தார் என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. கேமராவைப் பற்றிய பகுதி நம் வேலை. அருங்காட்சியகம், புகைப்படக்காரரின் சொந்த நினைவு, பல பத்தாண்டுகளாக அசைக்கப்படாத மரபு எல்லாம் ஒரு பக்கம். 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் ஓரம் மறுபக்கம். அத்தனை காலமும் அந்த ஓரத்தை யாரும் பார்க்கவில்லை. லைக்காவை மட்டும் நம்மிடம் கொடுத்திருந்தால் நாமும் ‘அசல் எம்2’ என்று எழுதியிருப்போம். அது சரியாகவும் இருந்திருக்கும்.

இணைய விற்பனையில் இந்த மூன்று கேள்விகளும் இன்னும் எளிதாகக் கலக்கின்றன, ஏனென்றால் கேமரா கையில் இல்லை. விற்பவர் காட்ட விரும்பும் கோணங்கள் மட்டுமே திரையில் இருக்கின்றன. ஆகவே வாங்குபவர் நம்மிடம் கருத்துக் கேட்டால், முதலில் படங்களைக் கேட்கச் சொல்வோம்: லென்ஸ் கழற்றிய வாய், ரேஞ்ச்ஃபைண்டர் கரம், ஃபிலிம் கேட், பிரஷர் பிளேட், அடித்தகட்டின் உட்புறம், மறைக்காத எண். அதே எண் வேறு விற்பனையில் முன்பு வந்திருக்கிறதா, அப்போது இந்தப் பெயர் சொல்லப்பட்டதா என்று தேடச் சொல்வோம். பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது என்றால் அங்கேயே நின்றுவிடலாம். பெரிய தொகை என்றால், அந்தக் கேமராவில் ஒரு சுருள் எடுத்து, டெவலப் செய்த நெகட்டிவை வெட்டாமல் அனுப்பச் சொல்வோம். காப்பகத்தில் உள்ள அவருடைய நெகட்டிவோடு ஓரத்தை ஒப்பிட ஒரு சுருள் போதும். இதற்கு மறுக்கும் விற்பனையாளருக்கு நியாயமான காரணமும் இருக்கலாம். ஆனால் அந்த மறுப்போடு விலை இறங்க வேண்டும்.

நம்மிடம் சான்று கேட்டு வருபவருக்கு எழுதித் தரும் தாளையும் மாற்ற வேண்டும். ஒரே தாளில் மூன்று தலைப்புகள்: கேமராவின் அசல்தன்மை, உடைமை, படத்தோடு தொடர்பு. ஒவ்வொன்றின் கீழும் என்ன பார்த்தோம், எதை வைத்துச் சொல்கிறோம் என்று எழுத வேண்டும். பார்க்காததை ‘ஆராயப்படவில்லை’ என்று எழுத வேண்டும். இடத்தை வெறுமையாக விட்டால் விற்பவர் அதை நிரப்பிவிடுவார். கேமராவைக் கையில் எடுத்துப் பார்த்தோமா, படத்தில் மட்டும் பார்த்தோமா என்பதும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். கட்டணம் விற்பனை விலையின் சதவீதமாக இருக்கக் கூடாது. பெயர் ஒட்டினால் நம் வருமானமும் ஏறும் என்ற நிலையில் யாருடைய கண்ணும் நேராக நிற்காது.

இப்படி எழுதினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், பக்கத்துக் கடைக்குப் போவார் என்ற அச்சம் நியாயமானது. பக்கத்துக் கடையும் அப்படியே எழுதும்போதுதான் அது தீரும். அதனால்தான் இதைத் தனிமனித நேர்மையாக விடாமல் தொழில் வழக்கமாக முன்வைக்கிறோம். இந்த இதழின் விற்பனைப் பக்கங்களில் இனி ஒரு புகைப்படக்காரரின் பெயரோடு வரும் கேமரா விளம்பரம், மூன்று தலைப்புகளுக்கும் தனித்தனியே விடை தந்தால் மட்டுமே அச்சேறும். ‘ஆராயப்படவில்லை’ என்பதும் எங்களுக்கு ஏற்கத்தக்க விடைதான்.